புழுங்கலரிசி தந்த பாடம்

உடல்நோயைத் தீர்ப்பது மருத்துவம். அறியாமையைத் தீர்ப்பது கல்வி. இவ்விரண்டையும் அரசினர் வெவ்வேறு அமைச்சுகளில் வைத்திருக்கின்றனர். ஆயின் ஏழையின் குடிசைக்கு வாயில் ஒன்றே. இரண்டும் அவ்வாயில் வழியாகவே நுழைதல் வேண்டும். ஒன்று வெளியே நின்றுவிட்டால் மற்றொன்று உள்ளே நெடுநாள் தங்காது. இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. இந்நாட்டிலேயே, நம் முன்னோர் உண்ட சோற்றிலேயே, அச்சான்று கிடக்கின்றது.

யான் பிரிஞ்சாங்கை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் கிராணி. தமிழை வீட்டிலும் ஆங்கிலத்தைப் பள்ளியிலும் பயின்றவன். கொழுந்தின் நிறையைப் பேரேட்டில் பதிவதும் சம்பளக் கணக்கு எழுதுவதும் என் அலுவல். மாலையில் மலைமேல் பனி இறங்கியபின் பழைய மருத்துவ வரலாறுகளை எடுத்து வாசித்தல் என் வழக்கம். அங்ஙனம் வாசித்தவற்றுள் என் உள்ளத்தைவிட்டு நீங்காதது பெரிபெரி நோயின் வரலாறு.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் அந்நோய் பெருங்கொள்ளையாக நின்றது. முதலில் கால் மரத்துப்போகும், பிறகு வீங்கும், முடிவில் நெஞ்சு தளர்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் இந்நோயால் திரள் திரளாக மாண்டனர். அக்காலத்தில் மருத்துவர் சிலர் கிருமி என்றனர். சிலர் மண்ணின் நச்சாவி என்றனர்.

நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன் என்பார் ஒன்றைக் கூர்ந்து நோக்கினார். சயாம் முதலிய நாடுகளின் ஆலைகளில் தீட்டிய வெள்ளரிசியை உண்ட சீனரை நோய் பற்றியது. தாமே நெல்லைக் குத்தி உண்ட மலாய்க்காரரைப் பெரும்பாலும் பற்றவில்லை. புழுங்கலரிசி உண்ட தமிழரையும் பற்றவில்லை! கெட்ட அரிசியில் ஒரு நஞ்சு தோன்றுகின்றது என்றே அவர் கருதினார். காரணம் பிழை, ஆயினும் காட்சி மெய். இதனை அவர் 1907இல் நூலாக வெளியிட்டார்.

கோலாலம்பூர் மனநோயர் விடுதியில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் 1905ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளரை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பகுதியிலும் இரட்டைப்படை எண்ணினரை மற்றொரு பகுதியிலும் வைத்தார். ஒரு சாராருக்கு வெள்ளரிசி. மறு சாராருக்குப் புழுங்கல். ஓராண்டளவில் வெள்ளரிசி உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் உண்டோருள் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

பின்னர், 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பெற்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், காட்டினூடே சாலை அமைத்துவந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரிடம் இதனையே மீண்டும் சோதித்தனர். வெள்ளரிசி உண்ட பிரிவில் நோய் தோன்றியது; புழுங்கலுக்கு மாற்றியதும் நின்றது. அரிசியில் நஞ்சில்லை, தீட்டும்போது தவிட்டோடு ஓர் உயிர்ச்சத்து கழிந்துபோகின்றது என்னும் முடிவு பிறந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்னர்த் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. புழுங்கலின் காப்பு இதுவே. தயமின் எனப்படும் அச்சத்தை 1936இல் செயற்கையாக ஆக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூரிலே பிறந்தவர் என்பதும் நாம் அறியத்தக்கது.

நேயர்களே, இவ்வரலாற்றை வாசிக்கும்போது இரண்டு எண்ணங்கள் எழுகின்றன.

முதலாவது, யாருடைய உடலில் இவ்வறிவு விளைந்தது என்பது. ஆராய்ந்தவர் பெயர்களை அறிவோம். இறந்த பதினெண்மர் பெயரை யார் அறிவார்? விடுதியில் அடைபட்ட அம்மனநோயர் தம் தட்டில் இட்ட சோறு எதுவெனத் தாமே தெரிந்துகொள்ளும் நிலையில் இருந்தவரல்லர். அச்சோதனையால் பல்லாயிரவர் உயிர் பிழைத்தனர் என்பதை யான் மறுக்கவில்லை. ஆராய்ச்சியைப் பழிப்பது அறிவுடைமையன்று. எனினும் கடன்பட்டோம் என்பதை மறத்தலும் அறமன்று.

இரண்டாவது, அவ்வறிவு யாரிடம் திரும்பிச் சென்றது என்பது. தமிழர் புழுங்கல் உண்டது வழக்கத்தால்; அறிந்தன்று. காரணம் தெரியாத வழக்கத்திற்கு வேர் இல்லை, காற்றடித்தால் சாயும். என் அப்பாயி கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். புழுங்கற் கஞ்சியே வயிற்றில் நிற்கும் என்பார். என் தந்தையார் காலத்தில் அதுவே ‘தோட்டத்துச் சோறு’ என இகழப்பட்டது. விருந்தினர் முன் வெள்ளைச் சோறு இடுவதே மதிப்பாயிற்று. உண்டவருக்கும் காரணம் தெரியாது; விட்டவருக்கும் தெரியாது. இன்று பலவகை உணவு கிடைப்பதால் பெரிபெரி அரிதாகிவிட்டது. அது நம் நற்பேறேயன்றி நம் அறிவன்று.

கூட்டு மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வைத்தல் வேண்டும் என விதித்தது. பள்ளிகள் தோன்றின. பலவற்றில் பாடஞ் சொன்னவர் கங்காணியோ கிராணியோ ஆவர். எழுத்தும் வாய்பாடும் அங்கே வந்தன. அப்பிள்ளைகளின் தட்டிலிருந்த சோற்றின் பெருமை மட்டும் ஆங்கில ஏடுகளிலே தங்கிவிட்டது.

இது பழங்கதை என்று எண்ணற்க. சில ஆண்டுகட்கு முன் ஓர் ஆய்வுக் குழுவினர் லயங்களுக்கு வந்து, பெரியவர்களின் இரத்தத்தைச் சோதனைக்கு எடுத்துச் சென்றனர். பல திங்கள் கழித்து, முதிய கொழுந்துக்காரி ஒருவர் ஒரு தாளுடன் என்னிடம் வந்தார். பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு இவற்றோடு பிஸ்கட் டின்னில் அதனைப் பத்திரமாக வைத்திருந்தார். “கிராணி ஐயா, இரத்தம் கொண்டுபோனார்களே, அதில் என்ன கண்டார்களாம்?” என்றார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்துள்ளது, உடனே மருத்துவரை நாடுக என்று அதில் எழுதியிருந்தது. அவரோ கால் மரத்துப்போவதை மலைக்குளிரின் வேலை என்றெண்ணி, புண்ணுக்கு மஞ்சள் அரைத்துப் பூசி வந்தார். அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினோம். உயிர் தப்பியது, கால்விரல் ஒன்று போயிற்று. உயிர் காக்கும் செய்தி அவர் வீட்டிலேயே இருந்தது. பூட்டிய பெட்டியில் கிடந்த மருந்துபோல் இருந்தது.

2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வு, இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அந்நோய் மிகுதி. இதனை அறிய நம்மவர் விரல் நுனியிலிருந்தும் இரத்தம் எடுக்கப்பட்டது. அவ்வறிவு நம் லயங்களுக்குத் தமிழில் திரும்பி வந்ததா?

ஆகவே கேட்கவேண்டுவன மூன்று. ஆய்வுக்கு இசைவு கேட்கும் தாள், ஒப்பமிடுவோர் மொழியில் இருத்தல் வேண்டும். வாசிக்க இயலாதவர்க்கு வாய்மொழியாக விளக்குதல் வேண்டும். ஆய்வின் முடிவு, ஏடுகளில் ஏறுமுன்னரோ உடனேயோ, உடலைத் தந்தவர்க்குச் சொல்லப்படல் வேண்டும். நம் நாட்டின் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகட்குப் புழுங்கலரிசியின் வரலாறு பாடமாதல் வேண்டும். தம் பாட்டியின் கஞ்சி உலக மருத்துவத்திற்குச் சான்று பகர்ந்தது என்று அறியும் பிள்ளை, தன் குலத்தையும் இகழாது, அறிவியலையும் அஞ்சாது.

இவற்றை அரசினர் செய்யட்டும் என்று கற்றவர் கைகட்டி இருத்தல் தகாது. ஆங்கிலமும் மலாயும் அறிந்த கிராணிமாரும் ஆசிரியரும் மருந்தகத்தாரும் இல்லாத தோட்டம் அரிது. கிழமைக்கு ஒரு மாலை, லயத்துத் திண்ணையில் அமர்ந்து, அண்டை வீட்டாரின் மருத்துவத் தாள்களை வாசித்துப் பொருள் சொல்வதற்குச் சட்டமும் வேண்டா, பணமும் வேண்டா. எடுத்த இரத்தத்திற்கு ஈடாக அதன் செய்தியைத் தருதல் ஈகையன்று, கடன்.