ஏகனாபுரத்தின் தீர்மானப் புத்தகம்

காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரத்தில் கிராம சபை கூடினால் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வரும்: சென்னைக்காகத் திட்டமிடப்பட்ட பரந்தூர் விமான நிலையம். தீர்மானம் வாசிக்கப்படும், மக்கள் கை தூக்குவார்கள், பதிவேட்டில் கையெழுத்தும் கைநாட்டும் வரிசையாக விழும். 2022 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய எதிர்ப்புத் தீர்மானம் அதன் பிறகும் திரும்பத் திரும்ப நிறைவேறியது. 2024 நாடாளுமன்றத் தேர்தலையும் ஊர் புறக்கணித்தது.

திட்டத்துக்குத் தேவை 5,000 ஏக்கருக்கும் மேல். அதில் நஞ்சை உண்டு, ஏரி உண்டு. ஸ்ரீபெரும்புதூர் ஏரிவரை வழியில் உள்ள ஏரிகளுக்கெல்லாம் நீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாயும் அங்கேதான் ஓடுகிறது. எந்த மதகு எப்போது திறக்கும், எந்தக் கழனியில் முதலில் தண்ணீர் நிற்கும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு அத்துப்படி. 2015 வெள்ளத்தில் ஓடுபாதை மூழ்கிய சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தைப் பார்த்த பிறகும் அவர்கள் சொல்வதை அலட்சியம் செய்வது எப்படி நியாயம்?

சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. சிக்கல், யாரைக் கேட்டு இடம் குறித்தார்கள் என்பதில்தான்.

2013 மத்திய நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டில் ஊராட்சியைக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டின் 1997 தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தில் அந்தப் படியே இல்லை. பரந்தூர் நிலம் எடுக்கப்படுவது இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

இந்தச் சட்டத்தைத் திருத்துங்கள். இடம் குறிக்கும் முன்பே கிராம சபையைக் கேளுங்கள்.