முதல் சம்பளத்தில் எஞ்சுவது

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் இல்லங்களில் இரண்டு பேச்சுகள் எழுகின்றன. எந்தப் படிப்பு என்பது முதற்பேச்சு. அது கூடத்தில், உறவினர் சூழ, உரத்த குரலில் நிகழ்கிறது. பணத்துக்கு வழி என்ன என்பது மற்றது; அது இரவில், பிள்ளைகள் உறங்கிய பின், தாழ்ந்த குரலில் நிகழ்கிறது. இரண்டும் ஒரே இடத்தில், பிள்ளையின் முன்னிலையிலேயே நடைபெற வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அவ்வாறு நடந்த ஒரு மாலைப்பொழுதின் பயனை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் இளைய மகள் ஓட்டல் மேலாண்மை படிக்க விரும்பினாள். ‘சமையல் கற்க ஒரு பட்டமா?’ என்று உறவினர் சிலர் நகைத்தனர். அத்தொழிலை அறியாதார் பேச்சு அது. விருந்தினரை வரவேற்றல், உணவு பரிமாறல், சமையற்கூடப் பணி, அறைப் பராமரிப்பு என நான்கு துறைகளில் பயிற்சி பெற்று, ஒரு பெரிய இல்லத்தை இரவும் பகலும் நடத்தக் கற்பிக்கும் படிப்பு அது. வந்தவரை முகமலர்ந்து ஏற்பதை அறமாகப் போற்றும் மண்ணில் இதை இழிவென்று கூற இயலுமா?

ஆயினும், வழிகள் இரண்டு இருந்தன. ஒன்று, தனியார் கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டம். அதற்கு வங்கியில் 3 லட்சம் ரூபாய் கல்விக் கடன் பெற வேண்டும். மற்றொன்று, சமுதாயக் கல்லூரியில் ஓராண்டுப் பட்டயம். அதன் கட்டணத்தை எங்கள் சேமிப்பே தாங்கும்.

சமுதாயக் கல்லூரி என்றதும் ‘வேறு இடம் கிடைக்காதவர் போகுமிடம்’ என்று எண்ணுவோர் பலர். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1901ஆம் ஆண்டு ஜோலியட் நகரில் தோன்றிய கல்லூரியே இவ்வகையில் மூத்தது. நம் பகுதியில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இலும், சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் 1996இலும் இம்முயற்சியைத் தொடங்கின. வாழ்வுத் திறன், தொழில் திறன், பணியிடப் பயிற்சி ஆகியவற்றை ஒன்றிணைத்து, படிப்பை இடையில் விட்டவரையும் வேலைக்கு ஆயத்தப்படுத்துவதே அதன் நோக்கம்.

இனிக் கணக்குக்கு வருவோம். கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. பலர் இதை வட்டியில்லாக் காலம் என்று கருதுகின்றனர். வட்டியோ முதல் நாளிலிருந்தே ஏறுகிறது. ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அந்த வட்டியை மைய அரசே ஏற்கும் திட்டம் ஒன்று 2009 முதல் உண்டு. ஆனால் அது தகுதி பெற்ற கல்விக்கூடங்களுக்கும் படிப்புகளுக்குமே உரியது. நாங்கள் பார்த்த கல்லூரி அதில் அடங்கவில்லை.

ஆண்டுக்கு ஒரு லட்சமாக மூன்று முறை பணம் பெற்று, 10 விழுக்காடு தனிவட்டி கணக்கிட்டால், நான்காண்டு முடிவில் வட்டி மட்டும் 90,000 ரூபாய். ஆகக் கடன் 3,90,000. அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 5,150 ரூபாய் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது 6 லட்சத்து 18 ஆயிரம் போயிருக்கும்.

வருவாய்ப் பக்கத்தில் எதை எழுதுவது? கல்லூரியின் வண்ணத்தாளில் கப்பலில் பணிபுரியும் ஒருவரின் சம்பளம் இருந்தது. அதை விடுத்து, எங்களுக்குத் தெரிந்த, அண்மையில் அப்படிப்பை முடித்த மூன்று பிள்ளைகளிடம் கேட்டோம். வருங்கால வைப்புநிதி பிடித்தம் போக, தொடக்கத்தில் கைக்கு வந்தது 12,700 ரூபாய் அளவில் என்றனர். பணிநேர உணவும் சீருடையும் நிறுவனமே தருவது பெரும் உதவி. எனினும் தவணை 5,150, பகிர்ந்துகொண்ட அறைக்கு வாடகை 3,000, பேருந்து முதலிய செலவுகள் 2,500 போக எஞ்சுவது 2,050 ரூபாய். ஒரு காய்ச்சல் வந்தால் அதுவும் இல்லை.

மகள் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “இந்த வேலை எனக்கு ஒத்துவராவிட்டால், இந்தப் பணத்தை யாரப்பா கட்டுவது?”

அந்த வினாவில்தான் பொருளின் சாரம் இருந்தது. ஓட்டல் பணியில் விழா நாள்களெல்லாம் வேலை நாள்கள். நாள் முழுதும் நிற்க வேண்டும். காலையிலும் மாலையிலுமாகப் பிரித்துத் தரப்படும் பணிநேரம் உண்டு. விரும்பிச் சேர்ந்தவரும் ஓரிரு ஆண்டுகளில் வேறு தொழிலுக்கு மாறுகின்றனர். கடனில்லாதவர் மாறலாம். மாதந்தோறும் தவணை கட்டுபவர், மேலாளர் கடிந்தாலும், உடல் தளர்ந்தாலும், இருந்தே ஆக வேண்டும். ஆக, கல்விக் கடனுக்கு நாம் வைக்கும் உண்மையான ஈடு, ‘இங்கு நான் இரேன்’ என்று சொல்லும் பிள்ளையின் உரிமையே. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றில் ஓட்டல்கள் மூடப்பட்டபோது, மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி இடமளித்தது, வட்டி நிற்கவில்லை.

பட்டயத்துக்கும் குறை உண்டு என்பதை மறைக்கலாகாது. பல நிறுவனங்களில் மேற்பதவிக்குப் பட்டம் கேட்கிறார்கள். பட்டயத்தோடு நிற்பவர் மேற்பார்வையாளர் நிலையிலேயே தங்கிவிடக்கூடும். குறைந்த செலவுக்குக் கொடுக்கும் விலை அது. ஆனால் ஏணி முற்றிலும் எடுக்கப்பட்டுவிடவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் தொடங்கிய தொழிற்கல்வி இளநிலைப் பட்டத் திட்டம், ஓராண்டில் பட்டயம், ஈராண்டில் உயர் பட்டயம், மூன்றாண்டில் பட்டம் என்று படிப்படியாக அமைந்தது. ஒவ்வொரு படியிலும் நின்று, இறங்கவோ ஏறவோ முடிவு செய்யலாம்.

எங்கள் மகள் முதற்படியைத் தெரிந்துகொண்டாள். ஓராண்டு கற்று, பணியிடத்தின் வெம்மையைத் தானே அறிந்து, பின் பட்டத்தைப் பற்றிச் சிந்திப்பதாகக் கூறினாள். அப்போது கடன் வேண்டுமாயின், அது அவள் அறிந்து ஏற்கும் கடனாக இருக்கும்.

கடனே கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கடன் பெற்றுப் படித்து உயர்ந்த இல்லங்கள் எத்தனையோ. தவணை எவ்வளவு வரை ஏற்கத்தக்கது என்பதற்கு எங்களுக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது: படித்த தொழிலை விட்டு, ஊரிலுள்ள ஒரு கடையில் கணக்கெழுதப் போனாலும் அடைக்கக்கூடிய தொகையாக அது இருக்கட்டும். கையொப்பமிடுமுன், சென்ற ஆண்டு படித்து முடித்த ஒருவரைத் தேடிச் சென்று, முதல் மாதம் கைக்கு வந்தது எவ்வளவு, மாத இறுதியில் எஞ்சியது எவ்வளவு என்று கேளுங்கள். உடன் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். சுமக்கப் போகிறவர் அவரல்லவா?