ஸ்பானிஷ் பரீட்சையில் விட்டுப்போன இரண்டு எழுத்து

போன மாதம் ஸ்பானிஷ் பரீட்சையில் ஒரு கேள்வி. "உன் இஷ்டப்படி தேர்ந்தெடுக்க முடிந்தால் எங்கே வாழ்வாய்?" அப்பாவோடு வாழ்வேன் என்று எழுதினேன். எழுதியதாகத்தான் நினைத்தேன். தாள் திரும்பி வந்தபோது அந்த வரியில் சிவப்பு வட்டம். மேடம் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா இப்ப இல்லையாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். தூக்கிவாரிப் போட்டது. "இருக்காங்க மேடம், துபாய்ல" என்றேன்.

என்ன தப்பு செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கூடப் படிப்பவர்களுக்கு அடுத்த பரீட்சைக்கு உதவும். மற்றவர்கள் சும்மா கேட்டுக்கொள்ளுங்கள் :)

ஸ்பானிஷ் வினைச்சொல் எதுவானாலும் அகராதியில் ஆர், ஏர், ஈர் என்ற மூன்றில் ஒன்றில் முடியும். அப்லார் என்றால் பேசுவது, கொமேர் சாப்பிடுவது, பிபீர் வாழ்வது. (எழுத்தில் வி, வாயில் பி. அப்லாருக்கு முன்னால் ஒரு ஹ உண்டு, எழுதுவதோடு சரி.) நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் இந்த வாலை வெட்டிவிட்டு விகுதியை ஒட்ட வேண்டும். முதல் செமஸ்டர் முழுக்க வெட்டி வெட்டியே கை பழகிவிட்டது.

"இப்படி இருந்தால் அப்படிச் செய்வேன்" என்கிற நிபந்தனைக் காலத்திலோ பெரும்பாலான வினைகளில் வாலைத் தொடக்கூடாது. முழுச் சொல்லையும் அப்படியே வைத்து அதன் பின்னால் விகுதி. மூன்று வகை வினைக்கும் ஒரே ஆறு விகுதிதான். அப்லாரை எடுத்துக்கொண்டால்: நான் அப்லரீயா, நீ அப்லரீயாஸ், அவனோ அவளோ அப்லரீயா, நாங்கள் அப்லரீயாமோஸ், நீங்களெல்லாம் அப்லரீயாயிஸ், அவர்கள் அப்லரீயான். ஐந்தாவது ஸ்பெயினில்தான் புழங்குகிறது. லத்தீன் அமெரிக்காவில் அதற்கும் அப்லரீயான் என்றே சொல்வார்கள். ஆறிலும் 'ஈ' மேல் சாய்வுக்கோடு போட வேண்டும், மறந்தால் மார்க் போச்சு.

நம் ஏன், ஆய், ஓம் மாதிரிதான் இதுவும். விகுதியிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் நம்மைப் போலவே அவர்களும் 'நான்' என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ஆனால் இந்தக் காலத்தில் நானும் அவனும் ஒரே விகுதி. குழப்பம் வரும் இடத்தில் 'யோ' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாலை ஏன் வெட்டக்கூடாது? இந்த 'ஈயா' ஒரு காலத்தில் தனிச்சொல். அபேர் என்ற துணைவினையின் இறந்தகால வடிவம் தேய்ந்துபோய் முழு வினையோடு ஒட்டிக்கொண்டது. நம் "பேச இருந்தேன்" ஒரே சொல்லாகிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் பழக்கதோஷத்தில் பிபீரின் 'ஈரை' வெட்டிவிட்டு ஈயாவை ஒட்டியிருக்கிறேன். பிபிரீயா வர வேண்டிய இடத்தில் பிபீயா வந்துவிட்டது. அதற்கு அர்த்தமே வேறு. "முன்பெல்லாம் அப்பாவோடு வாழ்ந்துகொண்டிருந்தேன்." மேடம் கேட்டதில் என்ன தப்பு?

இதில் என்னவென்றால் தப்பாக எழுதியதும் பொய்யில்லை. நான் ஐந்தாவது படிக்கும் வரை அப்பா வீட்டில்தான் இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா வழக்கம்போல, "லோன் முடிஞ்சா வந்துடுவேன்டா" என்றார். பத்து வருஷமாகக் கேட்கிற வாக்கியம். ஹோம்வொர்க் மாதிரி அதை ஸ்பானிஷில் எழுதிப் பார்த்தேன், முதல் வினையிலேயே மாட்டிக்கொண்டேன். திரும்பி வருவதற்கு போல்பேர். நடக்கும் என்று நம்பிச் சொன்னால் போல்பெரே, எதிர்காலம். எங்கே நடக்கப்போகிறது, நடந்தால் நன்றாயிருக்கும் என்று சொன்னால் போல்பெரீயா. இதற்கு 'முடிந்தால்' என்பதன் வடிவமும் மாறும். தமிழில் இரண்டுக்கும் வந்துடுவேன்தான். கை நழுவிப்போன பிறகு சொல்வதற்கு மட்டும் "வந்திருப்பேன்" என்று தனியாக வைத்திருக்கிறோம். அப்பா ஸ்பானிஷில் பேசினால் விகுதியை வைத்தே கண்டுபிடித்திருப்பேன். தமிழில் அவரைக் கேட்டால்தான் உண்டு. நான் கேட்கவில்லை.

இதே காலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. "வருவேன் என்று சொன்னார்" என்பதை "திஹோ கே போல்பெரீயா" என்பார்கள். சொன்னது நேற்று, வருவது அதற்குப் பிறகு என்றோ. வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்த ஆந்த்ரேஸ் பேயோ 1847இல் வெளியிட்ட தன் இலக்கண நூலில், இறந்தகாலத்துக்குப் பிந்தியது என்று பொருள் வரும்படி இதற்குப் பெயர் வைத்தார். சொன்னவர் வந்தாரா இல்லையா என்று அந்தச் சொல்லை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது.

அடுத்த வாரம் மறுபடி டெஸ்ட். இந்தத் தடவை வாலை வெட்ட மாட்டேன். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அப்பாவிடம் கேட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன்.