ஆறு போட்டு ஏழு எடுத்தது

ஐப்பசியில எங்க தோட்டத்துக்கு வர்ற டவுன்காரங்க எல்லாரும் வந்து நிற்கிற இடம் ஒண்ணுதான். தெற்கு வேலி. அங்கே நாலு செங்காந்தள் கொடி ஏறியிருக்கு. இலை நுனியே சுருண்டு சுருண்டு கம்பியைப் பிடிச்சுக்கும். பச்சையும் மஞ்சளுமா விரியற இதழ் நாளாக ஆகச் சிவந்து, வாடறதுக்கு முன்னாடி முழுக்க ரத்தச் சிவப்பாயிரும். ஒரே கொடியில எல்லா நிறமும் பார்க்கலாம்.

பார்த்தவங்க அடுத்துக் கேட்கறது, "அண்ணா, ஒரு கிழங்கு குடுங்க. மாடியில தொட்டியில வெக்கிறேன்."

நான் திருப்பிக் கேட்பேன்: "வீட்டுல சின்னக் கொழந்தைங்க இருக்குதுங்களா?"

சிலருக்கு முகம் மாறிடும். ஒருத்தர், ஒரு பூச்செடிக்கு இவ்வளவு விசாரணையா என்று கோவிச்சுக்கிட்டே போனார். அவருக்கு அன்னைக்குச் சொல்லாததை இங்கே எழுதுறேன்.

நம்ம மாநிலப் பூ இது. ஆனா எங்க ஊர்ல செங்காந்தள்னா யாருக்கும் தெரியாது, கண்வலிக் கிழங்கு. கலப்பை மாதிரி வளைஞ்சிருக்கறதால கலப்பைக் கிழங்குன்னும் பேரு. மூலனூர்ப் பக்கம் விதைக்காகவே ஏக்கர் கணக்கில் போடுறாங்க. இதிலிருந்து எடுக்கற கோல்சிசின், கவுட் என்கிற மூட்டுவலிக்கு மருந்து. அதே கோல்சிசின்தான் விஷமும். செடி முழுக்க இருக்கு, கிழங்கிலும் விதையிலும் ரொம்ப. தின்னவங்களுக்குச் சில மணி நேரம் ஒண்ணும் தெரியாது. அப்புறம் வாந்தி, பேதி. உயிரே போகலாம்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஆடி மாசம். நடறதுக்காகக் கிழங்கை எடுத்துத் திண்ணையில் சாக்கு மேல பரப்பியிருந்தேன். கோயமுத்தூரிலிருந்து தங்கச்சி வந்திருந்தா. அம்மா பேத்திக்காக விறகடுப்புச் சாம்பலுக்குள்ள சக்கரவள்ளிக் கிழங்கு போட்டிருந்தாங்க. வெந்ததும் குச்சியால கிளறி எடுத்தாங்க.

"ஆறுதானே போட்டேன், ஏழு வருது?"

"நான் ஒண்ணு போட்டேன் அம்மிச்சி. திண்ணையில நிறையக் கிடந்துச்சு."

ஆறு வயசுப் பிள்ளை. சாம்பல் பூசினப்புறம் ரெண்டுக்கும் வித்தியாசம் எனக்கே தெரியலை. சுட்டாலும் வேகவெச்சாலும் இந்த விஷம் போகாது. அம்மா ஏழையும் முறத்தில் அள்ளிக்கிட்டுப் போய்க் குழி தோண்டிப் புதைச்சாங்க. பிள்ளை சக்கரவள்ளிக்கு அழுதது. அம்மா ஒரு வார்த்தை என்னைத் திட்டலை. அன்னைக்கு ராத்திரி சோறும் திங்கலை.

தப்பு என்னோடதுதான். பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கிறவன், கிழங்கைத் திண்ணையில் போட்டுட்டேன். இப்ப மருந்து வைக்கிற அறையில்தான் கிழங்கும் இருக்கு.

அதனால வளர்க்கவே கூடாதுன்னு சொல்லலை. பிள்ளையும் ஆடுமாடும் போகாத இடமாப் பாருங்க. ஆனி, ஆடியில நடணும். முளை கிழங்கோட நுனியில்தான் இருக்கும், அது ஒடிஞ்சா அந்தக் கிழங்கு கதை முடிஞ்சது. தண்ணி தேங்கக் கூடாது. தொட்டின்னா அடியில் ஓட்டை, மண்ணில் பாதிக்கு மணல். ஏற ஒரு கம்பியோ வலையோ குடுங்க. காய் முத்தினப்புறம் கொடி காஞ்சு கருகிடும். செத்துப்போச்சுன்னு நிறையப் பேர் தொட்டியைக் கவுத்துடறாங்க. சாகலை, தூங்குது. தண்ணியை நிறுத்திட்டு அப்படியே விட்டா அடுத்த மழைக்கு எந்திரிக்கும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க.

கொழந்தை இருக்கற வீட்டுக்கு மழை லில்லி தர்றேன். நாலு நாள் காஞ்சு ஒரு மழை பெஞ்சாப் போதும், அந்த வாரத்துக்குள்ள தரையோட தரையா ரோஸ் கலர்ல நிக்கும். அதோட கிழங்கும் திங்கறதுக்கில்லைங்க, சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும். சமையக்கட்டுப் பக்கம் கொண்டு போகாம நேரா மண்ணுக்குள்ள வெச்சிருங்க.

தங்கச்சி மகளுக்கு இப்ப எட்டு வயசு. லீவுக்கு வந்தா, காலையில என்கூட வேலிக்கு வருவா. காந்தள் தானாக் காய் பிடிக்கறது கம்மி. மகரந்தத்தை நாமதான் தொட்டு வைக்கணும். எந்தப் பூவுக்கு வெச்சாச்சு, எதுக்கு இல்லைன்னு எண்ணிச் சொல்றது அவ வேலை. பூவைத் தொடறது நான் மட்டும். திரும்பி வர்றப்போ வாசல்ல அம்மா சோப்போட நிப்பாங்க, ரெண்டு பேருக்கும்.

ஆடி வந்தாக் கிழங்கு எண்ணறது மட்டும் அம்மா. நான் எண்ணினா நம்பறதில்லை.