ஓர் ஆழாக்கு ரசம்

சமையல் பழக எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் ரசத்தைத்தான் சொல்வேன். சாம்பார் பிறகு வரட்டும். பிரியாணிக்கு அவசரமே இல்லை. ரசத்துக்குச் செலவு குறைவு, கால் மணி நேரத்தில் ஆகிவிடும். எல்லாவற்றையும்விட, நாம் எதை மாற்றினாலும் உடனே நாக்கில் தெரிந்துவிடும்.

அக்கா மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தபோது இதை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொண்டோம். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, உப்பும் மஞ்சள்பொடியும் போட்டு, பச்சை வாசனை போகக் கொதிக்க வைத்து, சின்னச் சின்னக் கிண்ணங்களில் பிரித்து ஊற்றினோம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். விளையாட்டுக்கு அந்த ஒரு விதிதான். ஒன்றில் மிளகைக் கொரகொரப்பாகத் தட்டிப் போட்டாள், இன்னொன்றில் அதே மிளகை நைஸாகப் பொடித்து. பொடித்தது விழுங்கியவுடனே தொண்டையில் ஏறியது. தட்டியது பல்லில் படும்போதுதான் காரத்தைக் காட்டியது. மூன்றாவது கிண்ணத்தில் துளி வெல்லம்.

"இனிப்பே தெரியல சித்தி. ஆனா புளி முன்ன மாதிரி உறைக்கல" என்றாள். வெல்லம் எதற்கு என்று நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

நுரை கட்டி வரும்போதே ரசத்தை இறக்கிவிட வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஏன் என்று பார்க்க ஒரு பங்கை வேண்டுமென்றே தளதளவென்று கொதிக்க விட்டோம். கூடம் வரைக்கும் மணந்தது, கிண்ணத்தில் மணம் இல்லை. மிளகு சீரகத்தின் வாசனை எண்ணெய்கள் ஆவியோடு போய்விடுகின்றன. அதை நான் விளக்குவதற்குள் அவளே, "எல்லாம் வெளிய போயிடுச்சு" என்று சொல்லிவிட்டாள்.

அங்கிருந்து ஆட்டம் குழம்புக்கு நகர்ந்தது. உருளைக்கிழங்கைப் பாதி வெறும் தண்ணீரிலும் பாதி புளித்தண்ணீரிலும் போட்டோம். வெறும் தண்ணீரில் இருந்தது குழைந்த பிறகும் புளித்தண்ணீரில் இருந்தது கெட்டியாகவே நின்றது. காயின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின், புளிப்பில் எளிதில் கரைவதில்லை. "காய் வெந்தப்புறம் புளியை ஊத்து" என்று எங்கள் அம்மா ஓயாமல் சொல்லும் வார்த்தைக்கு அன்றுதான் அவளிடம் மரியாதை கூடியது. (கொதிக்கும் எண்ணெயும் குக்கரும் மட்டும் இந்த விளையாட்டில் சேர்த்தியில்லை. அவற்றைப் பக்கத்தில் நின்று சொல்லித்தான் தர வேண்டும்.)

நம் அடுப்படிகளில் இந்த விளையாட்டு குறைவாக இருப்பதற்குக் காரணம் பயம். அரிசி பருப்பு வீணாகும் என்ற பயம் நியாயமானது, அதனால்தான் அளவைச் சிறிதாக்கச் சொல்கிறேன். ஓர் ஆழாக்கு ரசம் கெட்டால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால், பத்துப் பேருக்கான சமையலை முதல் நாளே ஒரு பெண்ணின் தலையில் கட்டி, உப்புக் குறைந்ததென்று பந்தியில் வைத்துச் சொல்லிக்காட்டுவது கொடுமை. ஆண்பிள்ளைகளை அடுப்படிப் பக்கமே விடாமல் வளர்ப்பதும் அதே அளவு கொடுமைதான். தோப்பில் மூன்று கல்லைக் கூட்டி, வீட்டுக்கு ஒரு பிடி அரிசியும் பருப்பும் கொண்டுவந்து கூட்டாஞ்சோறு ஆக்கிய பிள்ளைகளில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. உப்பு முன்னே பின்னே இருந்தாலும் சட்டி காலியாகிவிடும்.

மரபை மாற்றலாமா என்று கேட்பவர்கள் திவசச் சமையலைப் பார்க்கலாம். பல வீடுகளில் இன்றும் அன்றைக்கு மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எதுவும் சேராது, காரத்துக்கு மிளகுதான். இந்த மூன்றுமே அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. போர்த்துக்கீசியர் கடல்வழி இந்தியா வந்த பிறகுதான் நமக்குக் கிடைத்தன. தக்காளியை முதன்முதலில் ரசத்தில் பிசைந்துவிட்ட அந்தக் கை யாருடையதோ! அந்தத் துணிச்சலை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

புத்தகங்களை நான் ஒதுக்கவில்லை. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் வந்தது, இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. கொஞ்சம் விளையாடிவிட்டு அதைத் திறப்பது நல்லது. புளிக்கு எவ்வளவு தண்ணீர் என்பது கைக்குத் தெரிந்திருந்தால்தான் புத்தகத்தின் அளவு ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும்.

போன வாரம் அக்கா மகள் எலுமிச்சை ரசம் வைத்தாளாம். பாதிக்கு அடுப்பில் கொதிக்கும்போதே சாறு பிழிந்து, மீதிக்கு இறக்கிய பிறகு பிழிந்து பார்த்திருக்கிறாள். கொதித்தது கசந்துவிட்டது என்று போனில் சொன்னாள். அடுத்தது மாங்காயாம், புளியே இல்லாமல்.