கையும் கற்கட்டும்

“பிள்ளை என்ன படிக்கிறான்?” என்று கேட்பது நம் ஊர் வழக்கம். “பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும்?” என்று கேட்பவர் அரிது. முதல் கேள்விக்கு விடையாக ஒரு சான்றிதழை நீட்டலாம். இரண்டாவதற்கு இரு கைகளைத்தான் நீட்ட வேண்டும். நம் இளைஞர் மன்றங்களைப் பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம் இந்த இரண்டாவது கேள்வியே என் உள்ளத்தில் எழுகின்றது.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் உள்ளது காரியாபட்டி. அங்கிருந்து திருச்சுழி வரை பரந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை கண்மாயை நிரப்பினால் நெல் விளையும். மழை குறைந்தால் பருத்தியும் சோளமும் குதிரைவாலியும் கைகொடுக்கும். அதுவும் இல்லையெனில் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். படித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகின்றனர். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் பயின்ற பிள்ளை, வீட்டுக் குழாய் ஒழுகினால் ஆள் தேடி ஓடுகிறான் என்றால், எதையோ நாம் கற்பிக்காமல் விட்டுவிட்டோம் என்பதில் ஐயமில்லை.

எங்கள் பங்கைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் இளைஞர் மன்றம் நெடுங்காலமாக உண்டு. கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதும், திருவிழாவுக்குத் தோரணம் கட்டுவதும், பந்து விளையாடுவதும் அதன் பணிகள். அவையும் நல்லவையே. ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் மன்றக் கூட்டங்களுக்கு நானும் செல்வேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், ஞாயிறு பூசைக்குப் பின் நடந்த கூட்டத்தில், கீழத்தெரு அடிபம்பு நான்கு மாதமாகப் பழுதாகிக் கிடப்பதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கூட்டுக் குடிநீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். மற்ற நாட்களில் கீழத்தெருப் பெண்கள் குடத்துடன் மேலத்தெருவுக்கு நடந்தனர். “மனு கொடுப்போம்” என்றான் ஒருவன். “மனு கொடுத்தாயிற்று, நாமே பார்த்தால் என்ன?” என்றாள் ஒரு பெண். அவள் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள்.

அந்தப் பம்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1970களில் நாடெங்கும் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டபோது, அவற்றில் பொருத்திய வார்ப்பிரும்புப் பம்புகள் விரைவில் உடைந்து போயின. சோலாப்பூரில் உருவான ஒரு பம்பை அடிப்படையாகக் கொண்டு, யுனிசெப் நிறுவனத்தின் துணையுடன் இந்தியா மார்க் 2 என்னும் பம்பு வடிவமைக்கப்பட்டது. அதன் பராமரிப்புக்காகத் தமிழகத்தில் மூன்று அடுக்கு முறை ஒன்றும் ஏற்பட்டது: ஊரில் ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்தில் ஒரு பிட்டர், மாவட்டத்தில் ஒரு நடமாடும் குழு. எங்கள் ஊர்ப் பொறுப்பாளர் இறந்தபின் அவ்விடம் காலியாகவே இருந்தது. ஊரின் பம்பு ஊரார் கையில் இருக்க வேண்டும் என்பதே அந்த முறையின் உயிர். அந்த உயிர்தான் எங்கள் ஊரில் அற்றுப் போயிருந்தது.

மன்றத்தார் ஊராட்சித் தலைவரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றனர். பக்கத்து ஊரிலிருந்த ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவரை அழைத்து வந்தனர். அந்தப் பெரியவர் முதல் நாள் ஒரு கருவியையும் எடுக்க விடவில்லை. “தம்பி, முதலில் அடித்துப் பார், எத்தனை அடியில் தண்ணீர் வருகிறது என்று எண்ணு” என்றார். அறுபது அடிக்குப் பின் ஒரு மெல்லிய ஒழுக்கு வந்தது. பின் அதுவும் நின்றது. கைப்பிடி ஆட்டம் காணவில்லை. சங்கிலியும் நன்றாக இருந்தது. அப்படியானால் பழுது மேலே இல்லை, அடியில் சிலிண்டரில் உள்ளது. வாஷர் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது அடி வால்வு நீரைத் தாங்காமல் விட வேண்டும் என்று பிள்ளைகளே முடிவு செய்தனர்.

இதைக் கண்டபோது எனக்குக் கார்டைன் அடிகளார் நினைவுக்கு வந்தார். நிலக்கரி வணிகர் ஒருவரின் மகனாகப் பெல்ஜியம் நாட்டில் பிறந்து, 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவி, 1965இல் கர்தினாலாக உயர்த்தப் பெற்றவர் அவர். “பார், தீர்ப்பிடு, செயல்படு” என்பதே அவர் இளைஞருக்குக் கற்பித்த முறை. 1961இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் தம் சுற்றுமடலில் இம்முறையைப் பரிந்துரைத்தார். கருத்தரங்குகளில் நாம் இம்மூன்று சொற்களையும் பலகையில் எழுதி வைக்கிறோம். கீழத்தெருவில் அவை அடிகளை எண்ணுவதாகவும், காரணம் தேடுவதாகவும், பைப் ரெஞ்சைப் பிடிப்பதாகவும் உருப்பெற்றன.

மறு வாரம் வேலை தொடங்கியது. ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் நீளமுள்ள பத்து இரும்புக் குழாய்கள் உள்ளே இருந்தன. குழாயும் கம்பியும் உள்ளிருக்கும் நீரும் சேர்ந்தால் நூறு கிலோவுக்கு மேல் ஆகும் என்று பிள்ளைகள் தாளில் கணக்கிட்டனர். கிளாம்ப் நழுவினால் எல்லாம் துளைக்குள் விழுந்துவிடும். பிறகு அந்தக் கிணறே பயனற்றுப் போகலாம். எனவே யார் தூக்குவது, யார் கிளாம்பை இறுக்குவது, யார் குரல் கொடுப்பது என்று முன்னதாகவே பிரித்துக் கொண்டனர். பெரியவரோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் திணறியபோதும் அவர் கை முன்னுக்கு வரவில்லை. வாய் மட்டும், “பொறு, பொறு” என்றது. கற்பிப்பவருக்கு வேண்டிய தவம் அதுவே அன்றோ!

ரெஞ்சைப் பிடித்திருந்த அப்பெண்ணின் தாயார் வேகமாக வந்தார். “பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு அண்ணே இந்த வேலை? நாளைக்கு நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” என்று பெரியவரைக் கேட்டார். “குடத்தைச் சுமக்கிறது யாரு தாயி? பம்பு கெட்டா முதல்ல தெரியறது அவங்களுக்குத்தானே? சரிபண்ணவும் அவங்களுக்குத் தெரியட்டுமே” என்றார் அவர். தாயார் மறுமொழி சொல்லவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. வேலை முடியும் வரை வேப்ப மரத்தடியில் நின்று பார்த்துக் கொண்டிருந்தார்.

வாஷர்கள் மாற்றப்பட்டன, துளையில் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி, வாடை நீங்கும் வரை அடித்து வெளியேற்றினர். செலவுக் கணக்கைக் கோயில் வாசலில் ஒட்டினர். மிஞ்சிய சிறு தொகைக்கு ஒரு பைப் ரெஞ்சும் கிரீஸ் டப்பாவும் வாங்கி மன்றத்தில் வைத்தனர். பத்தாம் வகுப்பில் இருமுறை தவறிய ஒரு பையன்தான் அந்தக் கணக்கை எழுதியவன். ஒரு ரூபாயும் பிசகவில்லை.

இத்தகைய கல்வி நம் மண்ணுக்குப் புதிதன்று. 1910களில் திருச்சிப் பகுதியில் பணியாற்றிய இயேசு சபைக் குரு நியூட்டன், நம் நாட்டுச் சிறு தேனீக்கு ஏற்ற ஒரு பெட்டியை அமைத்துப் பலருக்குத் தேனீ வளர்ப்பைப் பழக்கினார். அது அவர் பெயராலேயே நியூட்டன் பெட்டி என வழங்குகிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராம முன்னேற்ற நிலையத்தில், ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் உழவர்களுக்குச் செய்து காட்டினார். பிறர் கொடையை எதிர்பாராமல் தம் கையால் தாமே உயர வேண்டும் என்பது அவர் கொள்கை. மார்த்தாண்டம் இன்றும் தேனுக்குப் பெயர் பெற்ற ஊராக இருப்பதை நாம் அறிவோம்.

எங்கள் கதை முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். அன்று குழாய் தூக்கிய பதினொருவரில் நால்வரே இன்று ஊரில் இருக்கின்றனர். மற்றவர்கள் பிழைப்புத் தேடிச் சென்றுவிட்டனர். இரண்டு ஆண்டு கழித்துப் பம்பு மீண்டும் நின்றபோது, அன்று வேடிக்கை பார்த்த சிறுவர்கள், ஒருவரும் ஏவாமலே அதைப் பிரித்துச் சரிசெய்தனர். அதற்கடுத்த வறட்சியில் நிலத்தடி நீரே இறங்கிவிட்டது. எந்த ரெஞ்சாலும் அதை மேலே கொண்டுவர இயலாது. பிள்ளைகள் சோர்ந்துவிடாமல், நீர் ஏன் இறங்கியது என்று கேட்கத் தொடங்கினர். தூர்ந்து கிடந்த ஊருணி வரத்துக்கால் அவர்கள் கண்ணில் பட்டது. இப்போது மண்வெட்டியுடன் அங்கே நிற்கின்றனர்.

அன்பார்ந்த பெற்றோரே, பங்குப் பெரியோரே! நம் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்காக ஒரு வேலையைக் கொடுக்காதீர்கள். ஊருக்கு மெய்யாகவே தேவைப்படும் வேலையைக் கொடுங்கள். ஆபத்து உள்ள இடத்தில் தொழில் தெரிந்த ஒருவரை அருகில் நிறுத்துங்கள். பணத்தையும் கணக்கையும் அவர்களிடமே ஒப்படையுங்கள். ஆண் பிள்ளைக்கு அடுப்பையும் ஊசி நூலையும், பெண் பிள்ளைக்கு ஸ்பேனரையும் பழக்குங்கள். அவர்கள் தடுமாறும்போது ஓடிச்சென்று பிடுங்கிச் செய்யாதீர்கள். நம் ஆண்டவர் நாசரேத்தில் சூசையப்பரின் தச்சுப் பட்டறையில் வளர்ந்தவர். உளி பிடித்த கை அது. நம் பிள்ளைகளின் கையும் அவ்வாறு காய்ப்பு ஏறட்டும். அவர்கள் ஊரில் தங்கினாலும், பஸ் ஏறிப் போனாலும், அந்தக் கை அவர்களுடனேயே இருக்கும்.