இறகு கொட்டும் கோழியை விற்காதீர்கள்

மார்கழி பிறந்தால் எங்கள் தெருவுக்குக் கோழி வியாபாரி ஒருவர் வருவார். மற்ற மாதங்களில் பத்து ரூபாய்க்குக்கூட மல்லுக்கட்டிப் பேரம் பேசுகிறவர், மார்கழியில் பேரமே பேசமாட்டார். கழுத்து மொட்டையாகி, வால் கொட்டி, திண்ணை ஓரம் ஒடுங்கி நிற்கும் கோழியைக் காட்டி, "சீக்கு கண்டுடுச்சி. நாளைக்குச் செத்தா குழிதான் தோண்டணும்" என்பார். 400 ரூபாய் பெறும் கோழி 150க்குக் கைமாறிவிடும்.

தோழர்களே, அந்தக் கோழிக்குச் சீக்கு இல்லை. பகல் சுருங்கும் மாதங்களில் வளர்ந்த கோழி பழைய இறகை உதிர்த்துப் புது இறகு முளைக்க விடுகிறது. இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை முட்டை இருக்காது. வியாபாரிக்கு இது நன்றாகத் தெரியும். விற்கிற அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் விற்கிறார்?

இந்தக் கேள்வியை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த தெரு எங்களுடையது. ஃபியூஸ் கட்டை, பொம்மை, அகல் விளக்கு என்று மண்ணைப் பிசைந்து அச்சில் வார்க்கிற கைகள் பெரும்பாலும் எங்கள் பெண்களுடையவை. மழையும் பனியும் பிடித்துக்கொண்டால் சிறு பட்டறைகளில் வார்த்த சாமான் காயாது. ஈரத்தோடு சூளையில் அடுக்கினால் வெடித்துவிடும். ஆகவே வேலை குறையும், கூலியும் குறையும். கோழி முட்டையை நிறுத்துவதும் அதே மாதங்களில்தான். குழுக்கடன் தவணை மட்டும் எந்த மாதமும் நிற்பதில்லை. மாசி வரை பொறுத்தால் அதே கோழி முழு விலைக்குப் போகும் என்பது கணக்கு. பொறுக்கிற வசதி யாருக்கு இருக்கிறது என்பதுதான் சமூகவியல்.

படிப்பகத்தின் பின்புறம் நாங்களும் எட்டுக் கோழி வளர்த்தோம். முதல் பனிக்காலத்தில், படித்தவர்கள் என்ற நினைப்பில், இறகு கொட்டிய கோழிகளுக்குக் குளிருமே என்று கூண்டை நான்கு பக்கமும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டினோம். விடிந்து பிரித்தபோது தாளின் உட்புறம் தண்ணீர் சொட்டியது. எச்ச நெடி கண்ணைக் கரித்தது. மூன்றே நாளில் இரண்டு கோழிகளுக்கு மூச்சு இழுத்தது. ஒன்று செத்தது.

பக்கத்து வீட்டு ஆயா வந்து பார்த்துவிட்டு, "மூச்சு முட்ட வச்சிட்டீங்களே, கண்ணுங்களா" என்றார். திட்டவில்லை. அது இன்னும் வலித்தது. பிறகு அரசு கால்நடை மருத்துவரும் அதையேதான் சொன்னார். கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி. எங்கள் ஊர்ப் பனிக்கால விடியலில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும், முழு இறகுள்ள கோழி அதைத் தாங்கும். இறகில்லாத உடம்பில் ஈரமும் நேரே வீசும் காற்றும் படும்போதுதான் ஆபத்து. ஆகவே வாடை வரும் பக்கம் மட்டும் சாக்குத் தொங்கவிட வேண்டும். மேலே காற்று வெளியேற இடம் வேண்டும். தரையில் உமியோ கடலைத் தோலோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, நனைந்த இடத்தை அன்றன்றே வாரிவிட வேண்டும்.

இறகில் 85 விழுக்காட்டுக்கு மேல் புரதம். வெறும் நொய்யும் சோறும் போட்டால் கோழி எதைக்கொண்டு இறகு வளர்க்கும்? ஆயா கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு எல்லாவற்றையும் பழைய பானையில் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் ஊர்கிற இடத்தில் கவிழ்த்து வைப்பார். காலையில் பானை நிறையக் கரையான். செலவு ஒரு பைசா இல்லை. இதோடு முருங்கைக்கீரை, உப்புப் போகக் கழுவி அவித்த கருவாட்டுத் தலை, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு. புண்ணாக்கில் பூஞ்சை வாடை அடித்தால் தொடவே கூடாது, அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

இன்னொன்றையும் ஆயாதான் சொன்னார்: "முள்ளு மொளைக்கிற நேரத்துல தூக்காத." புது இறகு முள்போல முளைக்கும்போது அதற்குள் ரத்தம் ஓடுகிறது. தொட்டால் வலிக்கும், ஒடிந்தால் ரத்தம் கசியும். சிறுபிள்ளைகள் பிடித்து விளையாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் சீக்கோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. இறகு கொட்டும் கோழி மேயும், கண் தெளிவாக இருக்கும், மொட்டையான இடத்தில் முள் முளைக்கும். தீனி எடுக்காமல் தலை தொங்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகினால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அதைப் பிரித்து வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அதற்கான தடுப்பூசி முகாமைக் கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாக பிப்ரவரியில் நடத்துகிறது. நம் தெருவுக்கு என்றைக்கு வருகிறார்கள் என்று ஜனவரியிலேயே போய்க் கேட்டு எழுதி வாங்குவது நம் வேலை.

ஆயா தன் பஞ்சாரத்தின் மேல் கம்பி ஒடிந்த பழைய குடை ஒன்றை விரித்துக் கட்டியிருந்தார். "கோழிக்குக் குடையா!" என்று நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "எங்க அப்பாரு குடை புடிச்சதில்ல" என்றார்.

அன்றிரவு எங்களுக்கு அந்தப் பட்டியல் நினைவுக்கு வந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். சட்டை போடக் கூடாது, பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது, மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது, மழைக்கோ வெயிலுக்கோ குடை பிடிக்கக் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதைத் தன் நூலில் பதிந்திருக்கிறார். முதுகலை வகுப்பில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த பட்டியல் அது. குளிரில் உடம்பை மூடுவதற்கு ஒருவர் அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்றால் என்ன என்பது, அந்தக் குடையின் கீழே ஒடுங்கியிருந்த மொட்டைக் கோழியைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

போன கார்த்திகையில் படிப்பகத்தில் ஓர் உண்டியல் வைத்தோம். ஆளுக்கு 50 ரூபாய். தவணைக்கு வழியில்லாமல் கோழியை விற்கப் போகிற வீட்டுக்கு அதிலிருந்து 150 ரூபாய் கொடுத்தோம். வட்டி கிடையாது, முட்டை விற்றுத் திருப்பினால் போதும். பெரிய புரட்சி ஒன்றுமில்லை, ஆறு வீட்டுக்குத்தான் கொடுக்க முடிந்தது. வியாபாரி வந்தார், வழக்கம்போல "சீக்கு" என்றார். ஆயா பஞ்சாரத்தைத் தூக்கிக்கூடக் காட்டவில்லை. "மாசில வா, பேசிக்கலாம்" என்றார்.

மாசியில் அவர் வந்தபோது கோழிகள் புது இறகு மினுமினுக்கத் தெருவில் மேய்ந்துகொண்டிருந்தன. அன்றைக்கு அவர் பேரம் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. எங்கள் உண்டியலுக்கு ஐந்து வீட்டுப் பணம் திரும்பிவிட்டது. ஆறாவது வீட்டுப் பெண் இருபது முட்டையைக் கொண்டுவந்து வைத்து, "இத எடுத்துக்குங்க, படிக்கிற புள்ளைங்களுக்கு அவிச்சிக் குடுங்க" என்றார். அன்று மாலை படிப்பகத்தில் எல்லோருக்கும் முட்டை.

உங்கள் தெருவிலும் மார்கழிக்கு முன்பே ஓர் உண்டியல் வையுங்கள். ஜெய்பீம்.